அய்யனார் குதிரை வயிற்றில் ஒரு கிரயப் பத்திரம்

மழை இருட்டினால் எங்கள் பக்கத்தில் ஆட்டைப் பிடித்துக் கட்டுவார்கள், காய்கிற வறட்டியை உள்ளே அள்ளிப் போடுவார்கள். என் தாய்மாமன் குழந்தைசாமி மட்டும் ஏணியைத் தேடுவார். அவர் வீட்டுக் கூரை விட்டத்தில் ஒரு மூங்கில் குழல் கட்டித் தொங்கியது. ஏறி அதை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, உள்ளே சுருட்டி வைத்த தாள் இருக்கிறதா என்று பார்த்து, மூடி, மறுபடியும் அதே இடத்தில் கட்டிவிட்டு இறங்குவார். அதே இடத்தில் வைப்பதற்கு எதற்காக எடுக்கவேண்டும் என்று ஒருமுறை கேட்டேன்.

"இருக்குதுன்னு தெரிஞ்சாத்தானே மாப்ளே மழை பேயிறதைப் பாத்துச் சந்தோசப்பட முடியும்" என்றார்.

அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. இறங்கியவுடன் சரியாகக் கட்டினோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஊர் கருங்குழிவயல். ஆவுடையார்கோவிலிலிருந்து கோட்டைப்பட்டினம் கடற்கரைக்குப் போகிற வழியில் இருக்கிறது. கண்மாய் நிறைந்த வருஷம் அது ஊர், நிறையாத வருஷம் மேய்ச்சல் காடு. மாமா அங்கேயே பிறந்து, அங்கேயே உழுது, அழகி அத்தையை அங்கேயே கூட்டிக்கொண்டு வந்து குடும்பம் நடத்தியவர். நான் ஆவுடையார்கோவில் கடைவீதியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தேன். அவருக்கு ஏதாவது ஒன்று என்றால் என்னைத்தான் கூப்பிடுவார். ஏதாவது ஒன்று இல்லாத வாரம் அபூர்வம்.

குழலில் இருந்தது ஓடைச்செய்யின் கிரயப் பத்திரம். கண்மாய்க்குக் கீழே மடைத்தண்ணீர் முதலில் பாய்கிற நல்ல வயல் அது. மாமாவின் சித்தப்பா ஆண்டியப்பன் தன் மகள் கல்யாணத்துக்காக அதை விற்றார். மாமாவிடம் வாங்க வசதியில்லை, அத்தையின் காதில் தண்டட்டி இருந்தது. அதைக் கழற்றிக் கொடுத்துத்தான் வயல் வந்தது. அதற்குப் பிறகு அத்தையின் காது வெறும் காதாகத் தொங்கியது. கல்யாணம் காட்சியில் யாராவது அதைப் பார்த்து எங்கே என்று கேட்டால், "ஓடைச்செய்யில வெளையுது" என்பாள். அந்த வயல் அவளுக்கு என்ன என்பதை இதற்குமேல் நான் விளக்கவேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் சின்னக் கிரயத்தையெல்லாம் ரிஜிஸ்தர் பண்ணமாட்டார்கள். ஸ்டாம்புக் காகிதத்தில் எழுதி, கைநாட்டு வைத்து, இரண்டு பேர் சாட்சி போட்டால் முடிந்தது. ஆகவே இந்தப் பத்திரத்துக்கு எந்த ஆபீசிலும் நகல் கிடையாது. சாட்சி போட்ட இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பத்திரத்தை எழுதிய ஆள் போனார். ஆண்டியப்பனும் போனார். எல்லோரும் போய் அந்த ஒரு தாள் மட்டும் மிச்சம்.

நாடு சுதந்திரமாகி, எங்கள் ஊர் மாதிரி இனாம் ஊர்களையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்று சட்டம் வந்தது. உழுகிறவர்கள் ஆதாரத்தைக் காட்டினால் பட்டா தருவார்கள் என்று பேச்சு. உடனே ஆண்டியப்பனின் மகன் நல்லதம்பி, ஓடைச்செய்யைத் தன் அப்பா விற்கவில்லை, விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குத்தான் விட்டிருந்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். நல்லதம்பி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். கரம்பும் களருமாகக் கொஞ்சம் நிலம், வரிசையாகப் பெண்பிள்ளைகள். பத்திரம் எழுதிய அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்தான். ஆனால் சொல்லிப் பார்ப்போமே என்று ஒரு மனிதனுக்குத் தோன்றும் அல்லவா, தோன்றிவிட்டது.

மாமாவின் ஏணி அதற்குப் பிறகு ஓயவில்லை.

ஐம்பத்திரண்டில் அடித்த புயலில் கூரையே போய்விட்டது. விட்டத்தோடு குழலும் போனது. மாமா வீட்டைப் பார்க்கவில்லை, செத்துக்கிடந்த மாட்டைப் பார்க்கவில்லை. குழலைத் தேடிப் போனார். பக்கத்து ஊர் எல்லையில் ஓர் உடைமுள் மரத்தில் அது சிக்கிக் கிடந்தது. தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலம் முள் கிழித்த கையோடு திரும்பியவரைப் பார்த்து, மாடு செத்துப்போன வீட்டில் இப்படிச் சிரித்துக்கொண்டு வரலாமா என்று அத்தை திட்டினாள்.

கூரைமேல் இருந்த நம்பிக்கை அன்றோடு போனது. பிறகு அவர் தகரப் பெட்டியில் வைத்துப் பார்த்தார், அடியில் துரு ஓட்டை போட்டது. குதிருக்குள் நெல்லோடு புதைத்துப் பார்த்தார், எலி குழலின் வாயைக் கடித்திருந்தது. என் கடையில் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, "ஒங்கடையில சைக்கிளே காணாமப் போகுது" என்றார். அது உண்மைதான் என்பதால் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது.

கடைசியில் அவர் வேறு மாதிரி யோசித்தார். புயலில் எதெது விழுந்தது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது விழவில்லை என்று பார்த்தார். சாவடி விழுந்திருந்தது. பிள்ளையார் கோயில் ஓட்டுச் சார்ப்பு விழுந்திருந்தது. அய்யனார் கோயில் குதிரைகள் நின்றன.

எங்கள் அய்யனார் கண்மாய்க்கரை மேட்டில் இருக்கிறார். அவர் வாசலில் சுடுமண் குதிரைகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் நேர்ந்துகொண்டு எடுத்தது. வேளார் செய்து சுட்டு, புரவி எடுப்புத் திருவிழா அன்று கண் திறந்து, தோளில் தூக்கிக்கொண்டு போய் வைப்பார்கள். கண் திறக்கும் வரை அது மண். திறந்த பிறகு அய்யனார் ஏறுகிற வாகனம். நகர்த்தக் கூடாது, உடைந்தால் ஒட்டக் கூடாது. வயிற்றின் அடியில் இருக்கும் ஓட்டைக்குள் கை விடக் கூடாது. விட்டால் கை விளங்காது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், திருடனுக்கும் தெரியும். மாமா வீட்டுக் குதிரை தெற்கு வரிசையில் நின்றது.

ஐம்பத்தைந்து கார்த்திகையில் மறுபடியும் வானம் கெட்டது. கோட்டைப்பட்டினத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு வந்த பெண்கள், ஆம்பிளைகள் படகுகளைத் தெருவுக்குள் இழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு, வியாபாரம் பார்க்காமலே திரும்பினார்கள். தலையாரி தமுக்கு அடித்து, புயல் வருகிறது, மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லிக்கொண்டே மேட்டைப் பார்த்துப் போனார். ஆவுடையார்கோவில் கல்மண்டபத்துக்கு மாமாவையும் அத்தையையும் கூட்டிப்போக நான் சைக்கிளில் வந்து சேர்ந்தபோது, மாமா சுண்ணாம்பும் கருப்பட்டித் தண்ணீரும் களிமண்ணும் சேர்த்துக் குழைத்துக்கொண்டிருந்தார்.

பத்திரத்தை மெழுகுச்சீலையில் சுற்றிக் குழலுக்குள் போட்டார். வாயைத் தேன்மெழுகால் அடைத்தார். தூறலில் மூவரும் கண்மாய்க்கரைக்குப் போனோம். மாமா ஒரு குச்சியால் குழலைக் குதிரையின் வயிற்றுக்குள் தள்ளினார். கையை விடவில்லை, குச்சியைத்தான் விட்டேன் என்று எங்களிடமும் அய்யனாரிடமும் சொன்னார். பிறகு குழல் கீழே நழுவி விழாமல் இருக்க, கொண்டுவந்த கலவையால் அந்த ஓட்டையை நன்றாக அடைத்துப் பூசினார்.

"அய்யா, இது இனி ஒங்க பொறுப்பு. நான் வந்து கேக்குற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க" என்று கும்பிட்டார்.

அந்த ஓட்டை எதற்காக இருக்கிறது என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. குதிரையைச் செய்த ஆத்மநாத வேளாரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவர் தன் சூளையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

புயல் எப்படி அடித்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள், பார்க்காதவர்கள் நம்புவதில்லை. கல்மண்டபத்தில் எங்களோடு அரை ஊர் இருந்தது. ஊரே அய்யனாரைக் கூப்பிட்டது. மாமா மட்டும் குதிரையைக் கூப்பிட்டார்.

திரும்பி வந்தபோது வீடு இல்லை. மண்சுவர் பாதி நின்றது. அதை முட்டுக் கொடுக்கப் போன மாமாவின் காலில் அந்தப் பாதியும் விழுந்தது. படுத்துக்கொண்டே அத்தையை அனுப்பினார். தொடாமல் பார்த்துவிட்டு வா என்றார். அத்தை போய்வந்து, "குதிரை நிக்கிது. ஒரு காது மட்டும் போயிருச்சு" என்றாள். மாமாவுக்குக் கால் வலி குறைந்துவிட்டது. கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் முதலில் அங்கேதான் போனார். அடைப்பு அப்படியே இருந்தது. தன் பூச்சு வேலையை ஊரில் ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். கொத்தனார் ஒருவரைப் பிடித்து நிறுத்தியும் சொன்னார்.

தை மாதம் தாக்கீது வந்தது. மாசியில் செட்டில்மென்ட் அதிகாரி ஊருக்கு வருகிறார், அவரவர் ஆதாரத்தோடு ஆஜராக வேண்டும். மாமா சந்தோஷமாக வேளாரிடம் போனார். வேளார்தான் எங்கள் அய்யனாருக்குப் பூசாரியும். விஷயத்தைக் கேட்ட அவர் வெகுநேரம் தாடையைத் தடவினார்.

"கண்ணு தொறந்த புரவிக்குள்ள வச்சுட்டீங்க. அய்யா பொறுப்புன்னும் சொல்லிட்டீங்க. இப்ப கை விட்டு எடுக்கணும்னா உத்தரவு கேக்கணுமில்ல" என்றார்.

யாரும் எடுக்க முடியாது என்றுதான் மாமா அங்கே வைத்தார். யாரும் என்பதில் தாமும் உண்டு என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

உத்தரவு கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒரு சின்னப் பெண்பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கண்மாயில் போட்டுவிட வேண்டும். வேளாருக்குக் கண்பார்வை மங்கிவிட்டதால் யார் உத்தரவு கேட்கிறார்களோ அந்த வீட்டுப் பெண்கள்தான் பூவைக் கட்டிக் கொண்டுவருவார்கள். அத்தை கட்டிக் கொண்டுபோனாள். வேளாரின் பேத்தி எடுத்தாள். சிவப்பு.

மறுநாள் உச்சிப்பொழுதில் அத்தை என் கடைக்கு வந்தாள். ஊரிலிருந்து நடந்தே வந்திருந்தாள். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தாள். பஞ்சர் ஒட்ட வந்தவன் போகும்வரை வாயைத் திறக்கவில்லை.

"தம்பி, உள்ளே பத்திரம் இல்ல" என்றாள்.

மாமா பார்க்க அனுப்பிய அன்றே அவள் தொட்டிருக்கிறாள். குதிரையின் காது உடைந்த இடம் வாயைத் திறந்து மேலே பார்த்தபடி இருந்ததாம். அவ்வளவு மழையும் அதன் வழியாக உள்ளே போயிருக்கும் என்று நினைத்து அடைப்பைக் கொத்தினாளாம். குடம் குடமாகத் தண்ணீர் கொட்டியதாம். ஓட்டை திறந்திருந்தால் ஒரு சொட்டு நின்றிருக்காது. மாமாவின் பூச்சு அவ்வளவு நல்ல பூச்சு.

"கைய விட்டுக் குழலை எடுத்தேன். மெழுகு விட்டுப்போயிருந்துச்சு. தாளு இருக்கு, எழுத்து இல்ல. நீலமா ஊறிக் கெடக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதுப்பா, ஆனா எழுத்து இருக்கா இல்லையான்னு கூடவா தெரியாது?"

குழலைத் திரும்ப உள்ளே வைத்து, சுண்ணாம்பு குழைத்து அவளே பூசியிருக்கிறாள். மாமா கொத்தனாரிடம் புகழ்ந்தது அத்தையின் வேலையை.

மாமாவிடம் சொல்லிவிடலாமே என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சொன்னால் அவர் படுத்துவிடுவார் என்றாள். படுத்தால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் நல்லதம்பிக்குத் தெரியும். மாமாவின் முகம் எதையும் மறைக்காது என்பது நிஜம். பத்திரம் இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டு நடமாடுகிற வரைக்கும்தான் நல்லதம்பி கொஞ்சம் தயங்குவார். எங்களிடம் மிச்சமிருந்த ஆதாரம் மாமாவின் முகம் மட்டும்தான்.

"அப்ப பூ?" என்றேன்.

"ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு அரளிதான் கட்டினேன்."

அய்யனாரிடமா இந்த வேலை என்று கேட்டேன். அவர் கிட்டே சொல்லிவிட்டுத்தான் கட்டினேன் என்றாள். எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். "அந்தச் செய்யி போனா நான் இருக்கமாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தாள்.

மாமா விடுகிற ஆள் இல்லை. கிடாய் வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டு மறுபடியும் கேட்டார். சிவப்பு. புதுப் புரவி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு கேட்டார். அதுவும் சிவப்பு. அய்யனாருக்கு நம்மேல் என்ன கோபம் என்று அத்தையையே கேட்டார். அவள் உலையில் அரிசி களைந்து போட்டுக்கொண்டே, அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்றாள். இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தது என் ஆயுளில் நான் செய்த பெரிய வேலை.

ஊரில் இரண்டு கட்சி ஆனது. உள்ளே ஒன்றுமே இல்லை, அதனால்தான் எடுக்காமல் நாடகம் ஆடுகிறான் என்று நல்லதம்பி டீக்கடையில் சொன்னார். பெரிய பொய்யாகத்தான் சொன்னார், அது பாதி உண்மை என்பது அவருக்குத் தெரியாது.

சாவடி விழுந்துகிடந்ததால் அதிகாரி அய்யனார் கோயில் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், வெயில் தாங்காதவர். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிலமாகப் படித்தார். ஓடைச்செய் வந்தது. மாமா நான்கெல்லையையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். அதிகாரி பத்திரம் எங்கே என்றார். மாமா குதிரையைக் காட்டினார்.

அதிகாரி குதிரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஊர் வழக்கத்தை வேளார் விளக்கினார். அதிகாரி குறுக்கே பேசாமல் கேட்டார், அது எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில், சரி, என் முன்னால் ஒருமுறை கேளுங்கள் என்றார்.

அத்தை மடியிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பேத்தி ஒன்றை எடுத்தாள். வேளார் பிரித்தார். சிவப்பு.

"அந்த இன்னொன்றையும் பிரியுங்கள், பார்க்கலாம்" என்றார் அதிகாரி.

பூக்கட்டிப் பார்க்கும் பழக்கம் வந்த நாளிலிருந்து எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது. அதெல்லாம் பிரிக்கிற வழக்கமில்லீங்க என்று வேளார் இழுப்பதற்குள், அத்தை அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கண்மாயில் எறிந்துவிட்டு வந்து பழைய இடத்தில் நின்றுகொண்டாள். எப்போதையும்விடக் கொஞ்சம் தூரமாக விழுந்தது.

அதிகாரி அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு நல்லதம்பியின் பக்கம் திரும்பினார்.

"இவர் உள்ளே பத்திரம் இருக்கிறது என்கிறார். நீங்கள் ஒன்றுமே இல்லை என்கிறீர்கள். நீங்கள் உத்தரவு கேட்கவேண்டியதில்லை, உங்கள் பொருள் எதுவும் அங்கே இல்லையே. கையை விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் நிலம் உங்கள் பேரில் எழுதிவிடுகிறேன்."

நல்லதம்பி எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். குதிரையிடம் போய்க் குனிந்தார். நான் அத்தையைப் பார்க்கவில்லை, பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மாமாவைப் பார்த்தேன். அவர் துளிக் கவலை இல்லாமல், அடைப்பு கெட்டியாக இருக்கும், கம்பி வேண்டுமா என்று நல்லதம்பியைக் கேட்டார்.

நல்லதம்பியின் கை அடைப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எங்கப்பா வித்தாருங்க. அண்ணி காதுலேர்ந்து கழட்டுன தண்டட்டிய ஆசாரிகிட்ட கொண்டுபோனதே நான்தான்" என்றார்.

அதிகாரி எழுதிக்கொண்டார். நல்லதம்பி அதன்கீழ் கைநாட்டு வைத்தார். ஓடைச்செய் மாமா பேருக்கு ஆனது. மாமா அதிகாரிக்கு இளநீர் வெட்டினார். அத்தை கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, சத்தம் வராமல் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் மாமா நல்லதம்பியோடு பேச்சை நிறுத்திவிட்டார். வகையாக மாட்டியபிறகு உண்மை சொல்கிறவன் என்ன மனிதன் என்பார். நல்லதம்பி வீட்டுக் கல்யாணங்களுக்குப் போகவில்லை. வரப்பில் எதிரே வந்தால் வயலில் இறங்கிச் சேற்றோடு நடப்பார். நேர்ந்துகொண்டபடி புதுப் புரவியும் எடுத்தார். குழலை மட்டும் கேட்கவில்லை. பட்டா வந்துவிட்டது, அது அய்யனாரிடமே இருக்கட்டும் என்றார். மழை இருட்டினால் ஏணி தேடுவதும் நின்றுபோனது. மழையைப் பார்த்துச் சந்தோஷப்பட அவருக்கு அப்போதுதான் வாய்த்தது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்ப்பாள்.

அறுபத்துநாலு மார்கழியில் மறுபடியும் புயல் என்று ரேடியோவில் சொன்னார்கள். வழக்கம்போல நான் போனேன். மாமாவுக்கு வயதாகிவிட்டது, சுவர் விழுந்த அந்தக் கால் மழைக்காலத்தில் மடங்காது. அந்தக் காலோடு உட்கார்ந்து சட்டியில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார். பழைய அடைப்பு தளர்ந்திருக்கும், போய்ப் புதிதாகப் பூசிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். வெளியே காற்று ஓலையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. கண்மாய்க்கரை வழுக்கலில் அவர் ஏறினால் இறங்கமாட்டார். அத்தை தடுத்தாள், நான் தடுத்தேன். அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"போகாதீங்க. உள்ளே ஒண்ணுமில்ல" என்றாள் அத்தை.

பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தண்ணீர் கொட்டியதை, எழுத்து போனதை, பூவை. சொல்லச் சொல்ல மாமா மெல்ல உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"ஒரு எழுத்துகூட இல்லையா?"

"இல்ல."

"கைநாட்டு?"

"அதுவும் இல்ல."

சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தார். அத்தையைத் திட்டப்போகிறார், இல்லை கும்பிடப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. என் தோளைப் பிடித்து எழுந்தார். கண்மாய்க்கரைக்குப் போகவில்லை. தெருவைக் கடந்து, மழையில் நனைந்துகொண்டே, நல்லதம்பி வீட்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தார். நானும் பின்னால் போய் நின்றேன்.

நல்லதம்பி கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்துக் கயிற்றை விட்டுவிட்டு, "என்னண்ணே?" என்றார். மாமா சொன்னார். அத்தை சொன்ன அளவுக்கு நீட்டவில்லை. அன்றைக்கு நீ கையை விட்டிருந்தால் வெறும் தாள்தான் வந்திருக்கும் என்றார், அவ்வளவுதான்.

நல்லதம்பி எதிரே உட்கார்ந்தார். வெகுநேரம் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கைய விட்டிருக்கலாம்" என்றார்.

"விட்டிருக்கலாம்" என்றார் மாமா.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் சிரிக்கவில்லை. நல்லதம்பி எழுந்து கயிற்றின் ஒரு முனையை மாமாவிடம் கொடுத்தார், மாமா அதைப் பிடித்துக்கொண்டார்.